டாக்டர் வீட்டு நீலம்

ஜூன் 2, ஞாயிறு

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்பு கேட்கிறேன் என்று தெரியவில்லை, இந்த நோட்டிடமே கேட்டுக்கொள்கிறேன். ஒரு எழுத்து வரிக்கு மேலே ஏறுகிறது, ஒரு எழுத்து கீழே தொங்குகிறது. நாற்பத்தாறு வருஷம் சுவருக்குப் பெயிண்ட் அடித்த கை. ஒன்பது அங்குல ரோலர் பிடித்துப் பழகியதற்குப் பேனா ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறது.

நோட்டு கொடுத்தது எழுத்து டீச்சர். தினமும் ஏதாவது எழுதுங்கள், இதை யாரும் திருத்த மாட்டார்கள் என்றார். நூலகத்தின் பின்னறையில் செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு. ஒன்பது மாதம் ஆகிறது. எனக்கு வயது எழுபத்தொன்று. வகுப்பிலேயே நான்தான் மூத்தவன், முதல் பெஞ்சு என்னுடையது.

இவ்வளவு எழுத ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் ஒரு அறைக்கு முதல் கோட் முடித்திருப்பேன். ஆனாலும் என்ன சந்தோஷம்! சொன்னது காற்றோடு போகாமல் இங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 3, திங்கள்

மகள் பரணைச் சுத்தம் செய்தாள். அவள் தம்பியின் டின் வந்தது. தூக்கிப் போட்டுடட்டுமாப்பா என்றாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 5, புதன்

டின்னைப் பற்றி எழுத வேண்டும். நேற்றிலிருந்து எழுதுகிறேன்.

என் பையனுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. கடல் தாண்டி வேலை. இது நடந்தபோது இருபது. சுண்டுவிரல் உயரத்தில் பன்னிரண்டு பிளாஸ்டிக் பொம்மைகள் வாங்கி வைத்திருந்தான். தாடி வைத்த குள்ளர்கள், ஆளுக்கொரு கோடாலி. மேசை மேல் படையை நிறுத்திச் சண்டை போடுகிற விளையாட்டு ஒன்று உண்டாம், பெரிய ஆட்கள் விளையாடுவது. வாங்கும்போது வெறும் சாம்பல் நிறம், வர்ணம் நாமே அடிக்க வேண்டும். இவன் மாதக்கணக்காக அடிக்கவில்லை. கேட்டால், யோசிச்சுட்டு இருக்கேன் என்பான்.

ஒரு வாரம் என் வீட்டுக்காரி மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். பையன் வேலைக்குப் போயிருந்தான். பேங்க் கதவுக்கு அடித்த பிரவுன் எனாமல் கொஞ்சம் மீதி இருந்தது. பையன் வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று நினைத்தேன். ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற மாதிரி வழிய வழிய இரண்டு கோட். பன்னிரண்டு பேரும் பளபளவென்று நின்றார்கள். டின் மூடியின் உள்பக்கம் அவன் எழுதிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. பார்த்தேன். பார்க்கத்தான் முடியும்.

சாயங்காலம் வந்து டின்னைத் திறந்தான். ஒருவனை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"மூடியில எழுதி வச்சிருந்தேனேப்பா. படிக்கலையா?"

எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளைகள் எதை நீட்டினாலும், கண்ணாடி கொண்டு வரலை, அம்மாகிட்ட கொடு என்பேன். அப்போது எனக்குக் கண்ணாடியே கிடையாது. கையெழுத்தை மட்டும் படம் போடுகிற மாதிரிப் போடக் கற்று வைத்திருந்தேன்.

தெரியாதுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்.

"படிச்சேன். சின்னப் பிள்ளை வேலை. அதெல்லாம் எதுக்கு?"

அவன் மூடியைப் போட்டு மூடினான். மூன்றாம் மாதம் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கோபமாக ஒரு சொல் பேசியதில்லை. ஞாயிறு தவறாமல் போன் வரும். சாப்பிட்டீங்களா. உடம்பு எப்படி இருக்கு. அதற்கு மேல் எங்களிடம் பேச்சு கிடையாது. அவன் அம்மா இறந்தபோது வந்தான், பத்து நாள் இருந்தான், அப்போதும் இந்த இரண்டு கேள்விதான்.

பதினெட்டு வருஷம்.

ஜூன் 6, வியாழன்

சீட்டு இன்னும் மூடியிலேயே இருக்கிறது. ஓரம் பழுத்துவிட்டது.

படிக்க முயற்சி செய்தேன். புத்தக எழுத்து படிப்பேன், கடைப் பலகை எல்லாம் படிப்பேன். தெருவில் நடந்தால் பலகைகள் என்னைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஆனால் பையன் எழுத்து எறும்பு சாரை. ஒன்றின் காலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடுகிறது.

நான் படிச்சுச் சொல்லட்டுமாப்பா என்றாள் மகள். என் குட்டு உடைந்ததே அவளிடம்தான். அம்மா போன பிறகு எனக்கு வந்த கடிதங்களைப் பிரிக்காமல் காலி டிஸ்டம்பர் வாளியில் போட்டு மூடி வைத்திருந்தேன். அதைக் கண்டுபிடித்தவள் அவள். திட்டவில்லை. கையைப் பிடித்து நூலகத்துக்குக் கூட்டிப் போனாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படிச்சேன் என்று சொன்னவன் நான். நான்தான் படிக்க வேண்டும்.

தம்பியிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன்.

அதற்கு முன்னால் அந்தப் பிரவுனை எடுக்க வேண்டும். குள்ளர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 7, வெள்ளி

ஒருவனைத் தின்னரில் போட்டேன். தாடியும் ஒரு கையும் உருகிவிட்டன. என்ன ஆளுடா நீ. என்ன ஆளு. வகுப்புக்குப் போகவில்லை.

ஜூன் 8, சனி

கடைத்தெருவில் செருப்புக் கடைக்கு மேலே இந்த மாதிரிப் பொம்மைகள் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அதன் மாடிப்படிச் சுவர் நான் அடித்ததுதான். அப்போது பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. இன்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே படி ஏறினேன். ‘சனிக்கிழமை வர்ணம் தீட்டும் மேசை. யாரும் வரலாம்.’ யாரும் என்றால் நானும்தானே.

நீள மேசையில் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் மூக்கு மேசையில் இருந்தது. ஓரத்தில் ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா, நெற்றியில் பூதக்கண்ணாடி கட்டியிருந்தார். உருகினவனை அவரிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தின்னர்ல போட்டீங்களா ஐயா?"

ஆமாம் என்றேன்.

"நீங்க பெயிண்டரா?"

"எப்படிம்மா தெரியும்?"

"பெயிண்டருங்கதான் எல்லாத்துக்கும் தின்னர் டப்பாவத் தேடுவாங்க. பிளாஸ்டிக் தாங்காது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என் வாயையே பார்த்தார். மேல் செட்டு யார் செஞ்சது, சிரிச்சா இறங்குதே என்றார். பல் செட் செய்வதுதான் அவர் தொழிலாம். மேசையில் எல்லோரும் பல்லம்மா என்று கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

எதிரே உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் என் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். உங்க படைக்குக் காலே இல்லையே பெரியவரே, எப்ப நடந்து எப்பச் சண்டைக்கு வர்றது என்றார். உங்க பஸ்லதான் வராங்க, அதான் லேட் என்றேன். மேசை முழுதும் மூக்கை எடுத்துச் சிரித்தது.

ஜூன் 12, புதன்

வீடு ஆஸ்பத்திரி வாசனை. காயம் கழுவ மருந்துக் கடையில் விற்கிற கிருமிநாசினியில் ஊறப்போடச் சொல்லியிருந்தார் பல்லம்மா. மூன்று நாள். தண்ணீர் படக்கூடாது, பட்டால் பசையாகிவிடும். அதே மருந்தில் பழைய பல் பிரஷை நனைத்துத் தேய்க்க வேண்டும்.

மாப்பிள்ளை உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கி, யாருக்கு மாமா ஆபரேஷன் என்று கேட்டார். பதினோரு பேருக்கு, ஒருத்தர் ஏற்கெனவே ஐசியூவில் என்றேன்.

தேய்க்கத் தேய்க்கப் பிரவுன் தோல் மாதிரி உரிந்தது. உள்ளே முகம். ஒருவனுக்கு மூக்கு உடைந்து கோணல். ஒருவன் சிரிக்கிறான். ஒருவனுக்குப் பாதி மூடிய கண், ஒருவன் ஏதோ கத்துகிறான். பன்னிரண்டும் ஒரே அச்சு என்றல்லவா நினைத்திருந்தேன்! ஒவ்வொருவனுக்கும் ஒரு முகம். இதைத்தான் அவன் மாதக்கணக்கில் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தான். நான் அரை மணி நேரத்தில் மூடிவிட்டேன்.

ஜூன் 15, சனி

பழக ஒரு எலி முகத்து வீரனைப் பல்லம்மா கொடுத்தார். பாட்டில் மூடியில் ஒட்டி, மூடியைப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். பிரைமர் அடித்தேன், காய்ந்தது. பிறகு சிவப்பை எடுத்து அப்பினேன். சுவருக்கு முதல் கோட்டிலேயே கீழே இருப்பது மறைய வேண்டும், இல்லையென்றால் மேஸ்திரி தலையில் தட்டுவார்.

பல்லம்மா என் பிரஷைப் பிடித்து நிறுத்தினார். "ஐயா, இது சுவர் இல்ல."

தண்ணீர் விட்டுப் பால் மாதிரி கலக்கணும், ஒரு கோட்டில் ஒன்றுமே தெரியக் கூடாது, காய விட்டு மறுபடி, மறுபடி. அப்போதுதான் முகம் முகமாக இருக்குமாம். எலியைத் துடைத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். நான்கு தடவை துடைத்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று எலியின் பெல்ட் ஓரத்தைப் பிசிறில்லாமல் ஒரே இழுப்பில் அடித்தேன். சீலிங்கும் சுவரும் சேருகிற இடத்தில் டேப் ஒட்டாமல் கோடு பிடிப்பவன் நான். மூச்சை விட்டு, அடுத்த மூச்சு எடுப்பதற்குள் இழுத்துவிட வேண்டும். கை மறக்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

போன் வந்தது. சாப்பிட்டீங்களா. சாப்பிட்டேன். உடம்பு எப்படி இருக்கு. நல்லா இருக்கு. போனை மகளிடம் கொடுத்தேன்.

பிறகு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யோசித்தேன். ஊரில் எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் சுவரைப் பார்ப்பேன். என்ன நிறம், எத்தனை கோட், எங்கே ஈரம். என் பையன் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. காலையில் கண் விழித்ததும் எந்த நிறத்தைப் பார்க்கிறான் அவன்?

ஜூன் 28, வெள்ளி

எழுத்து டீச்சரிடம் கேட்டேன், வேகமாக, சேர்த்து எழுதிக் காட்டுங்கள், எறும்பு எழுத்து படிக்க வேண்டும் என்று. எதற்கு என்று கேட்கவில்லை. கரும்பலகை முழுக்க எழுதினார். வகுப்பே சேர்ந்து தடுமாறியது.

ஜூலை 4, வியாழன்

படித்துவிட்டேன்.

மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொரு எழுத்தாகத் தனியே எடுத்து இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பிறகு சேர்த்தேன். மூடியில் இருந்தது இதுதான்.

கவசம் – டாக்டர் வீட்டு நீலம்
சட்டை – பள்ளிக்கூட மஞ்சள்
கொடி – அச்சகத்து ஷட்டர் சிவப்பு
கோடாலிப் பிடி – பேங்க் கதவு பிரவுன்
தலைவன் தாடி – வேலை முடிஞ்சு வரும்போது அப்பா தலை

வேறு ஒன்றும் இல்லை.

எல்லாம் நான் அடித்தது. டாக்டர் வீடு, பள்ளிக்கூடம், அச்சகம், பேங்க், எல்லாம். சின்ன வயதில் லீவு நாளில் என் கூடவே வருவான், நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். சலித்துப் போய்த் தூங்குகிறான் என்று நினைப்பேன். தூங்கலை. பார்த்திருக்கான். ஒவ்வொண்ணையும் பார்த்து வச்சிருக்கான். உலகத்துல இருக்கற நிறத்துக்கெல்லாம் அவன்கிட்ட இருந்த பேரு என் வேலைதான்.

அதைத்தான் நான் சின்னப் பிள்ளை வேலைன்னு சொன்னேன்.

என்ன நினைச்சிருப்பான்? அப்பா படிச்சாரு, படிச்சும் எதுக்குன்னு கேட்டாருன்னுதானே? தெரியாதுன்னு சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு – ஒரு வார்த்தை – ஒரே ஒரு வார்த்தை.

பேங்க் கதவு பிரவுன் கோடாலிப் பிடிக்கு மட்டும். நான் அதே டப்பாவை எடுத்து ஆள் முழுதும் அடித்திருக்கிறேன். நிறம் சரி. இடம்தான் தப்பு.

நோட்டை மூடுகிறேன். நாளை எழுதுகிறேன்.

ஜூலை 6, சனி

பல்லம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிரஷைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நல்லாயிரும் என்றெல்லாம் ஆறுதல் சொல்லவில்லை. கடை அலமாரியில் நீலமே முப்பத்திரண்டு பாட்டில் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து வந்து என் முன்னால் வரிசையாக வைத்தார்.

"இதுல டாக்டர் வீடு எதுங்கய்யா?"

எதுவும் இல்லை. அது பாட்டிலில் வருகிற நீலம் இல்லை. டாக்டரின் வீட்டுக்காரம்மா, மழை வரதுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கிற மாதிரி வேணும் என்று கேட்டார், நான் வாளியில் கலந்தேன். நீலத்தோடு கறுப்பும் பச்சையும் சேர்த்தது ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் ஞாபகம் இல்லை. அந்த வீட்டுக்கு இதுவரை மூன்று முறை வேறு ஆட்கள் வேறு நிறம் அடித்தாகிவிட்டது.

வேற நீலம் வச்சா உங்க பையனுக்கு வித்தியாசம் தெரியுமா என்றார் டிரைவர். தெரியும் என்றேன்.

ஜூலை 10, புதன்

காலையில் பல் தேய்க்கும்போது பளிச்சென்று ஞாபகம் வந்தது. மீட்டர்!

அந்த வீடு புதிதாகக் கட்டும்போது முதல் பெயிண்ட் நான் அடித்தது. அப்போது மீட்டர்ப் பலகை மாட்டவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் யாராக இருந்தாலும் பலகையைச் சுற்றித்தான் அடித்திருப்பார்கள். எந்தப் பெயிண்டரும் மீட்டரைக் கழற்றி அடிப்பதில்லை.

பட்டி போடுகிற தகடையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இப்போது கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது. சுவர் முழுக்க ரோஜா நிறம், அதுவும் ஒரே கோட். வரவேற்பில் இருந்த பெண், மீட்டர் ரீடிங்கா என்று கேட்டாள். ரீடிங் வேணாம்மா, மீட்டருக்குப் பின்னாடி பார்க்கணும் என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள். பின்னாடி என்ன இருக்கு என்றாள். நீலம் இருக்கு என்றேன். உள்ளே போய் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் எனக்கு இருபுறமும் நின்றுகொண்டார்கள், விழுந்துவிடுவேன் என்றோ ஓடிவிடுவேன் என்றோ.

பலகைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. டார்ச் அடித்தேன். ஒட்டடை, ஒரு செத்த பல்லி, அதற்குப் பின்னால் என் நீலம். வெயில் படாமல், மழை படாமல், அடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே. தகடை விட்டுச் சுரண்டினேன், நகம் அளவுக்கு ஒரு சில்லு கையில் விழுந்தது.

அந்தப் பெண்ணிடம் காட்டினேன். "இதையா இப்படி மூடி வச்சாங்க? இது நல்லா இருக்கே தாத்தா" என்றாள்.

வீடு வரைக்கும் கையை மூடியே நடந்து வந்தேன்.

ஜூலை 13, சனி

பதினாறாவது கலவை சரியாக வந்தது. சில்லை அதன் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியவில்லை. பல்லம்மா பூதக்கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, நீங்க பல் கலர் கலக்க வந்திருக்கலாம், நாங்க ஷேட் கார்டு வச்சும் தப்பு பண்றோம் என்றார். எனக்கு ஒரு வாரத்துக்குச் சோறு வேண்டாம்.

மஞ்சளும் சிவப்பும் கஷ்டம் இல்லை. மஞ்சளைப் பள்ளிக்கூடத்தில் இன்னும் மாற்றவில்லை.

ஜூலை 17, புதன்

தலைவனுக்குத் தாடி முடிந்தது. முதலில் கறுப்பு. பிறகு பிரஷில் வெள்ளையைத் தொட்டு, துணியில் துடைத்து, இல்லையென்றே சொல்லும் அளவுக்குத் துடைத்து, மேலாக வருட வேண்டும். வெள்ளை மேடுகளில் மட்டும் தூசியாக உட்காரும். அசல் சுண்ணாம்புத் தூசி.

கண்ணாடியில் என் தலையைப் பார்த்துக்கொண்டேதான் அடித்தேன். இப்போது சுண்ணாம்பே தேவையில்லை.

ஜூலை 18, வியாழன்

கண் வைத்தேன். இரண்டு கண்ணுக்கு ஒரு மதியம். முதலில் வெள்ளை, நடுவில் கறுப்புப் புள்ளி, சுற்றி வழிந்ததைத் தோல் நிறத்தால் ஒதுக்க வேண்டும். ஆறாவது முறை அவன் என்னைப் பார்த்தான்.

ஜூலை 21, ஞாயிறு

போன் வந்தது. சாப்பிட்டீங்களா. வாய் வரை வந்தது. சாப்பிட்டேன் என்றேன்.

வாயால் முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜூலை 24, புதன்

நான்கு தாள் வீணாயிற்று. ஐந்தாவதை அனுப்பினேன். இங்கே ஒரு பிரதி.

‘அன்புள்ள மகனுக்கு. இது அப்பா, என் கையால் எழுதுகிறேன். அன்றைக்கு உன் சீட்டை நான் படிக்கவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது. படித்தேன் என்று சொன்னது பொய். வெட்கத்தில் சொன்னேன். இப்போது கற்றுக்கொண்டு படித்துவிட்டேன். ஒருவன் என் தப்பால் உருகிவிட்டான். மற்றவர்கள் நன்றாக இருக்கிறார்கள். தலைவனை அனுப்புகிறேன். நீலம் சரியா என்று பார். அப்பா.’

தலைவனைப் பஞ்சில் சுற்றி, பல்லம்மா கொடுத்த பல் செட் பெட்டியில் வைத்தேன். தபால் நிலையத்தில் படிவத்தை நீட்டிய கவுண்டர் ஆள், எனக்கு எழுதிக் கொடுத்த பழக்கத்தில் பேனாவை எடுத்தார். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். பின்னால் ஆறு பேர் நின்றார்கள். நிற்கட்டும் என்று எழுதினேன். அவன் தெரு, அவன் வீட்டு எண். முதல் தடவையாக என் கையில் அவன் விலாசம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

போன் வந்தது. இரண்டு கேள்வி. பார்சல் போய்ச் சேர்ந்திருக்காது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

போன் வரவில்லை. பதினெட்டு வருஷத்தில் இதுதான் முதல் ஞாயிறு.

ஆகஸ்ட் 14, புதன்

மகள் விசாரித்துவிட்டாள். நல்லா இருக்கான், வேலை அதிகம்னு சொன்னான்ப்பா என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

சொல்லாமலே இருந்திருக்கலாமோ? திமிர் பிடித்த அப்பா என்று நினைத்திருந்தான். இப்போது பொய் சொன்ன அப்பா. எது மேல்? அந்த இரண்டு கேள்வியாவது மிஞ்சியிருந்தது. அதையும் கெடுத்துக்கொண்டேனோ?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வரவில்லை.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை இரண்டு தடவை வந்து, வாங்க மாமா சாப்பிடலாம் என்றார். சாப்பிட்டீங்களா என்று கேட்க வேண்டியவன் கேட்கவில்லையே.

ஆகஸ்ட் 24, சனி

மேசைக்குப் போகவில்லை. பல்லம்மா வீட்டுக்கே வந்துவிட்டார், மேல் செட்டைச் சரிசெய்ய அளவு எடுக்கிறேன் என்று. வாய் முழுக்க மாவை அடைத்து வைத்துவிட்டு, பேச முடியாத என்னிடம் அவரே பேசினார். பிரைமர் காயறதுக்குள்ள தொட்டுத் தொட்டுப் பார்த்தா விரல் ரேகைதான் விழும், விடுங்க என்றார்.

ஆகஸ்ட் 28, புதன்

கடிதம் வந்தது. உறையில் என் பெயர். தபால்காரர் மகளிடம் நீட்டினார், நான் குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொண்டேன். வாளிக்குப் போகாத முதல் கடிதம்.

பிரித்தேன். எறும்பு எழுத்து இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, பெரிதாக, பாடப் புத்தகம் மாதிரி. இரண்டு வரிக்கு நடுவே இரண்டு வரி இடம் விட்டு. முப்பத்தெட்டு வயது ஆள், எனக்குக் கஷ்டம் இருக்கக் கூடாது என்று, ஒவ்வொரு எழுத்தாக உட்கார்ந்து எழுதியிருக்கிறான். படிக்கும் முன்பே கண் மறைத்துவிட்டது. துடைத்துத் துடைத்துப் படித்தேன்.

‘அப்பா. பார்சல் வந்து பதினைந்து நாள் ஆகிறது. போனில் என்ன சொல்வது என்று தெரியாமல் போன் செய்யவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். நீங்கள் படித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னீர்கள் என்று நினைத்திருந்தேன். நானும் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டதில்லை. நீலம் அதே நீலம்தான். எங்கே கிடைத்தது? மீதி பேரில் பாதியை எனக்கு அனுப்புங்கள். உருகினவனும் எனக்கு வேண்டும். எனக்குக் கண் வைக்க வராது. அவர்கள் வந்து சேர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமை முகம் தெரிகிற மாதிரி போன் செய்கிறேன். சேர்ந்து அடிக்கலாம்.’

முழுவதும் நானே படித்தேன். யாரிடமும் கொடுக்கவில்லை. பிறகு மகளுக்குப் படித்துக் காட்டினேன். வாழ்க்கையில் நான் இன்னொருவருக்குப் படித்துக் காட்டியது இதுதான் முதல்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஐந்து பேரையும் உருகினவனையும் அனுப்பினேன். நீலம், மஞ்சள், சிவப்பு மூன்றும் சின்னப் புட்டியில். மூடியில் பெயர் எழுதி ஒட்டினேன்.

செப்டம்பர் 23, திங்கள்

நேற்று ஞாயிறு. மேசையில் என் பக்கம் ஐந்து பேர். எதிரே தம்ளரில் சாய்த்து வைத்த போன், அதற்குள் அவன்.

முன்தலை வழுக்கை விழ ஆரம்பித்திருக்கிறது. அவன் அம்மா மாதிரியே கீழுதட்டைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிறான். பின்னால் சுவர் தெரிந்தது. வெள்ளை, கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை. இடது மூலையில் ஈரம் இறங்கியிருக்கிறது. சொன்னேன். திரும்பிப் பார்த்துவிட்டு, நாலு வருஷமா இருக்கேன், நான் பார்த்ததே இல்லையேப்பா என்றான்.

அதற்குப் பிறகு ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பிரஷைத் தண்ணீரில் அலசுகிற சத்தம் அங்கே ஒரு தடவை, இங்கே ஒரு தடவை. மகள் எட்டிப் பார்த்து, ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலையே, வச்சிடவா என்றாள். வைக்காதே என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

உருகினவனைத்தான் முதலில் எடுத்தான். உருகிய கையை ஓவர்கோட் மாதிரி அடித்துவிடலாம் என்றான். நீலத்தைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்து, போன் பக்கம் காட்டினான். அப்பிவிட்டான். மடிப்பு எல்லாம் மூடிப் போயிற்று.

"தண்ணி விட்டுக் கலக்குடா" என்றேன். "இது சுவர் இல்ல."

சிரித்தான். பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான்.

இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம். சாப்பிட்டீங்களா என்று கேட்க மறந்துவிட்டான். நானும் சாப்பிட மறந்துவிட்டேன்.

போன் அணைந்த பிறகு திரை கறுப்பாக இருந்தது. அதில் என் தலை தெரிந்தது. சில்லு இன்னும் மேசையில் இருக்கிறது, அவன் இங்கே வரும் நாளில் கையில் கொடுக்க வேண்டும். எப்போது என்று அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இன்னும் நான்கு பேர் பாக்கி இருக்கிறார்கள், அவனிடம் ஐந்து. மெல்லிய கோட்டாகத்தான் அடிக்கிறேன். சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது.

இனி ஞாயிற்றுக்கிழமை இந்த நோட்டுக்குக் கை கிடைக்காது. வாரம் ஒரு தடவை, திங்களன்று, முந்தின நாள் நடந்ததை எழுதுகிறேன். வருகிற திங்கள் எழுத விஷயம் இருக்கும். இரண்டு பேரும் கண் வைக்கப் போகிறோம்.